தங்கம் எதற்கு மசியும்?

பட்டப்பகலில், பெண்கள் மட்டும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தோளில் பையுடன் இருவர் வருவார்கள். முதலில் பித்தளைக் குத்துவிளக்கை இலவசமாகத் துலக்கிக் காட்டுவார்கள். அடுத்து வெள்ளிக் கொலுசு. அது பளிச்சென்று வந்து நம்பிக்கை பிறந்ததும், கையில் கிடக்கும் வளையலைக் கழற்றச் சொல்வார்கள். ஏதோ ஒரு திராவகத்தில் வளையல் சற்று நேரம் கிடக்கும். எடுத்து மஞ்சள்தூளில் புரட்டி, ஒரு டப்பாவில் போட்டு, “அரை மணி நேரம் கழித்துத் திறங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திறந்து பார்த்தால் வளையல் பத்திரமாக இருக்கும். வடிவம் மாறியிருக்காது. எடை மட்டும் குறைந்திருக்கும். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் மோசடிதான் இது. குறைந்த எடை அந்தத் திராவகத்தில் கரைந்து, அவர்களோடு தெருமுனையைத் தாண்டிவிட்டது.

இதில் வேதியியல் படித்தவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது என்ன திராவகம்? குளியலறை கழுவ வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் வளையலை ஒரு வாரம் ஊறப்போட்டாலும் தங்கம் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. பேட்டரிக்கு ஊற்றும் சல்ஃபியூரிக் அமிலத்திலும் அப்படியே. பட்டறைகளில் புழங்கும் நைட்ரிக் அமிலம் இவற்றைவிட மூர்க்கமானது. அதுவும் வளையலின் மேல்தோலில் உள்ள செம்பைக் கொஞ்சம் தின்றுவிட்டு நின்றுவிடும். செம்பு போன இடத்தில் தங்கம் மட்டும் மிஞ்சுவதால் நகை முன்பைவிட மஞ்சளாகக்கூடத் தெரியலாம். தோலைப் பொசுக்கி, துணியை ஓட்டையாக்கி, இரும்பைத் தின்னும் இந்த மூன்றும் தங்கத்திடம் தோற்பது ஏன்?

குழப்பம் ‘வலிமையான அமிலம்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. வேதியியலில் ஓர் அமிலத்தின் வலிமை என்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான் குறிக்கும்: அது தன் ஹைட்ரஜன் அயனியை, அதாவது புரோட்டானை, எவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்கிறது என்பது. அரிக்கும் குணத்துக்கும் இந்த அளவுகோலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பாடப்புத்தகக் கணக்கில் வலிமை குறைந்த அமிலம், ஆனால் கண்ணாடியையே அரிக்கும். 2004-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ரீடு குழுவினர் உருவாக்கிய கார்போரேன் அமிலம், அடர் சல்ஃபியூரிக் அமிலத்தைவிடக் குறைந்தது பத்து லட்சம் மடங்கு வலிமையானது. அதைச் சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலிலேயே வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடங்கள் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் கடந்துவிடுவதுதான் பிறகு வரும் பல குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

ஓர் உலோகம் கரைய வேண்டுமானால் அதன் அணு எலக்ட்ரானை இழந்து அயனியாக வேண்டும். எனவே புரோட்டானைக் கொடுப்பது யார் என்று பார்த்துப் பயனில்லை. எலக்ட்ரானைப் பறிப்பது யார் என்றுதான் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டதும் குமிழி கிளம்புவதை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே எலக்ட்ரானைப் பறிப்பது ஹைட்ரஜன் அயனி. பறித்து ஹைட்ரஜன் வாயுவாகிறது. அதே அமிலத்தில் செம்புக் கம்பியைப் போட்டால் ஒரு குமிழிகூட வராது. ஹைட்ரஜன் அயனியின் பறிக்கும் சக்தி அவ்வளவுதான். கம்பியை எடுத்து நைட்ரிக் அமிலத்தில் போடுங்கள். செம்பழுப்புப் புகை எழும்பி, கரைசல் பச்சை கலந்த நீலமாகிவிடும். இங்கே பறிப்பது ஹைட்ரஜன் அயனி அன்று, நைட்ரேட். அதனால்தான் வெளியே வருவதும் ஹைட்ரஜன் வாயு அன்று, நைட்ரஜன் ஆக்சைடுகளின் புகை.

இந்தப் பறிப்புச் சண்டையை வோல்ட் கணக்கில் அளந்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு 0 என்று வைத்துக்கொண்டால் துத்தநாகம் −0.76, செம்பு +0.34, வெள்ளி +0.80, தங்கம் +1.50. எண் ஏற ஏற எலக்ட்ரானைப் பிடித்திருக்கும் பிடி இறுகுகிறது என்று பொருள். அமிலக் கரைசலில் நைட்ரேட்டின் பறிக்கும் சக்தி சுமார் 0.96 வோல்ட். செம்பும் வெள்ளியும் அதற்குக் கீழே இருப்பதால் நைட்ரிக் அமிலத்தில் கரைகின்றன. தங்கம் அரை வோல்ட்டுக்கும் மேலே, எட்டாத உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அரை வோல்ட் என்பது டார்ச் செல்லின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வோல்ட்டில் தெரியும் சின்ன வித்தியாசம் கரைசலில் கிடக்கும் அயனிகளின் எண்ணிக்கையில் கோடானுகோடி மடங்காகப் பெருகும்.

செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பவை. அப்படியிருக்க, கடைசியில் உள்ளதற்கு மட்டும் ஏன் இந்த இறுக்கம்? விடை ஐன்ஸ்டைனிடம் போய் முடிகிறது. தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு பெரிய ஈர்ப்பில் சிக்காமல் இருக்க, கருவை ஒட்டிய உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்க வேண்டியிருக்கிறது. அந்த வேகத்தில் சார்பியல் விளைவுகள் தலைகாட்டும். எலக்ட்ரானின் நிறை கூடியதுபோல ஆகி, அதன் பாதை கருவை நோக்கிச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் வெளிக்கூட்டில் உள்ள ஒற்றை எலக்ட்ரான் வரை எட்டி, அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தனி அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க வெள்ளிக்கு 7.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும், தங்கத்துக்கு 9.2 வேண்டும். தங்கம் நீல ஒளியை விழுங்கி மஞ்சளாகத் தெரிவதற்கும் இதே சுருக்கம்தான் காரணம். சார்பியல் விளைவு இல்லாவிட்டால் தங்கமும் வெள்ளியைப் போல வெளுத்துத்தான் இருந்திருக்கும். நகைக்கடைக்காரர்களுக்கு நிறமும் நிலைத்தன்மையும் தனித்தனிச் சிறப்புகள். இயற்பியலுக்கு இரண்டும் ஒன்றே.

இனி அந்தத் திராவகத்துக்கு வருவோம். அடர் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு. இரண்டும் நிறமற்றவை, கலந்த சிறிது நேரத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகிப் புகையத் தொடங்கும். இதுதான் இராஜ திராவகம். தனித்தனியாகத் தோற்ற இரண்டும் சேர்ந்து ஜெயிப்பது எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கலவையில் குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் பிறக்கின்றன. குளோரினின் பறிக்கும் சக்தி 1.36 வோல்ட். நைட்ரேட்டைவிட அதிகம்தான், ஆனால் 1.50-க்கு இன்னும் பற்றாது. பறிப்பவரை மட்டும் பலப்படுத்தினால் போதாது என்பது இதிலேயே தெரிகிறது. தங்கத்தின் மேற்பரப்பிலிருந்து மிக அரிதாக ஓர் அணு அயனியாகக் கிளம்பினாலும், அதற்கு எலக்ட்ரான் மீது இருக்கும் தாகத்தில் உடனே மீண்டும் உலோகமாகிவிடும். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடாமல் கிணற்றுக்குள்ளேயே திரும்ப வழிந்தால் எவ்வளவு இறைத்தும் கிணறு வற்றாது அல்லவா? வாய்க்கால் வெட்டித்தரும் வேலையைச் செய்வது குளோரைடு அயனி. கிளம்பிய ஒவ்வொரு தங்க அயனியையும் நான்கு குளோரைடுகள் சதுரமாகச் சூழ்ந்து கட்டிக்கொள்கின்றன. வேதியியலார் இதை அணைவு அயனி என்பார்கள். கட்டு எவ்வளவு உறுதி என்றால், கரைசலில் கட்டுப்படாமல் தனியாகத் திரியும் தங்க அயனி ஒன்றுக்கு, கட்டுப்பட்டவை ஒன்றின் பின் 25 சுழியம் போட்ட அளவில் இருக்கும். திரும்பி வர அயனியே இல்லாதபோது சமநிலை சாய்ந்துவிடுகிறது. வோல்ட் கணக்கில் சொன்னால் தங்கத்தின் 1.50 இப்போது 1.00-ஆக இறங்கிவிட்டது. தங்கம் கீழிறங்கி வந்ததால்தான் குளோரினுக்கும், அடர் நிலையில் உள்ள நைட்ரிக் அமிலத்துக்கும் எட்டுகிறது.

குளோரைடு வருவது அமிலத்திலிருந்துதான் என்று கட்டாயமில்லை. சுமார் 1300-ஐ ஒட்டி லத்தீன் ரசவாத நூல்களில் இந்தத் திராவகத்தின் செய்முறை முதலில் பதிவானபோது, நைட்ரிக் அமிலத்தில் அவர்கள் போட்டது நவச்சாரம். அது அம்மோனியம் குளோரைடு, ஓர் உப்பு. உப்பைப் போட்டதும் தங்கம் கரைகிறது என்றால், கூடியது அமிலத்தின் வலிமை இல்லை என்பது தெளிவு. அதற்காக அமிலத்துக்கு இதில் வேலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நைட்ரேட் எலக்ட்ரானைப் பறிக்கும்போது ஹைட்ரஜன் அயனிகளையும் செலவழிக்கிறது. அமிலமில்லாத வெறும் நீரில் அது சோம்பேறி. ஒற்றை அமிலமாக நின்று தங்கத்தைக் கரைக்கும் விதிவிலக்கும் ஒன்று உண்டு: நன்றாகச் சூடாக்கிய அடர் செலெனிக் அமிலம். வலிமையில் அது ஏறக்குறைய சல்ஃபியூரிக் அமிலத்துக்குச் சமம். எலக்ட்ரானைப் பறிப்பதில்தான் அது வேறு ரகம்.

இதெல்லாம் உண்மையென்றால், அயனியைக் கட்டிக்கொள்ளும் கை போதுமான அளவு உறுதியாக இருந்தால் பறிப்பவர் மிகப் பலவீனமானவராக இருந்தாலும் தங்கம் கரைய வேண்டும். கரையத்தான் செய்கிறது. ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887-இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறையில் அமிலமே கிடையாது. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் சயனைடு கலந்த தண்ணீர், அதில் சுண்ணாம்பு, ஊதிவிடக் காற்று. அவ்வளவுதான். சயனைடு அயனிகள் இரண்டு சேர்ந்து ஒரு தங்க அயனியைப் பிடிக்கும் பிடியில் தங்கத்தின் எண் சரிந்து −0.6 வோல்ட்டுக்குப் போய்விடுகிறது. துத்தநாகத்துக்குப் பக்கத்து வீடு! இப்போது எலக்ட்ரானைப் பறிக்கக் காற்றில் உள்ள சாதாரண ஆக்சிஜனே போதும். சுண்ணாம்பு போடுவதன் நோக்கமே கரைசல் அமிலமாகிவிடாமல் காப்பது. அமிலமானால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் விஷவாயு கிளம்பி ஆளைக் கொன்றுவிடும். ஆக, உலகத்தின் சுரங்கத் தங்கத்தில் பெரும்பகுதியைக் கரைத்து எடுப்பது காரக் கரைசல்.

வட ஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில் இதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். பாறையை மாவாக அரைத்து, சயனைடு நீரில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் தள்ளிய மண்தான் ஊரைச் சுற்றி மேடுமேடாகக் கிடக்கிறது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வரும்.

ஹால்மார்க் 916 என்ற முத்திரையைப் பார்த்து நகை வாங்குகிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் உத்தரவாதம், நைட்ரிக் அமிலம் தங்கத்திடம் தோற்கும் என்பதுதான். தீச்சோதனை செய்யும் விதத்தைப் பாருங்கள். நகையிலிருந்து சுரண்டிய துணுக்கை எடைபோட்டு, அதோடு அளந்த வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, நுண்துளைகள் உள்ள சின்னக் கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகி, பெரும்பகுதி கிண்ணத்தின் சுவரில் ஊறிப்போகும். கிண்ணத்தில் தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி மிஞ்சும். அதைச் சுத்தியால் தட்டி, உருளையில் கொடுத்து மெல்லிய பட்டையாக்கி, சுருளாகச் சுற்றி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விடுவார்கள். வெள்ளி முழுவதும் கரைந்துவிடும். சுருள் வடிவம் மாறாமல், தொட்டால் உடையும் பழுப்புத் தங்கமாக நிற்கும். கழுவி, உலர்த்தி, பழுக்கக் காய்ச்சினால் மஞ்சள் நிறம் திரும்பும். அதன் எடையை முதல் எடையால் வகுத்தால் கிடைப்பதுதான் மாற்று.

இதில் கவனிக்க வேண்டியது, வெள்ளியைப் பிரிப்பதற்காக முதலில் வெள்ளியைச் சேர்ப்பது. விசித்திரமாகத் தோன்றும், ஆனால் வேறு வழியில்லை. 22 காரட் தங்கத்தில் மீதி முழுவதும் செம்பு என்று வைத்துக்கொண்டால், நூறு அணுக்களில் ஏறக்குறைய 78 தங்கம். மேற்பரப்பில் உள்ள செம்பை அமிலம் தின்றதும் அடுத்து எதிர்ப்படுவது தங்கச் சுவர். உள்ளே இருக்கும் செம்பு அமிலத்தின் கண்ணிலேயே படாது. தங்கம் எடையில் நாலில் ஒரு பங்காகக் குறையும்வரை வெள்ளியைச் சேர்த்துவிட்டால், நூறு அணுக்களில் தங்கம் பதினைந்து சொச்சம்தான். இப்போது வெள்ளி அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உள்ளே வரை வழி போட்டுக் கொடுக்கின்றன. தன்னால் கரையாத தங்கம், பக்கத்தில் உள்ள கரையக்கூடிய உலோகத்தையும் காப்பாற்றிவிடுகிறது என்பதைப் பழைய பொற்கொல்லர்கள் அணுக்கணக்கு தெரியாமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

மறுபக்கம், தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகம் அதைவிட இளைத்த வெள்ளியிடம் மாட்டிக்கொள்ளும். வெள்ளி எலக்ட்ரானைச் சுலபமாகத்தான் இழக்கிறது. ஆனால் கிளம்பிய வெள்ளி அயனி குளோரைடோடு சேர்ந்ததும் கரையாத வெள்ளைப் படிவாக அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. வெள்ளித் தகட்டின் மேல் ஒரு தோல் மூடியதும் வேலை நின்றுவிடும். தங்கத்தை வழியனுப்பிய அதே குளோரைடு இங்கே கதவைச் சாத்துகிறது. எனவே எந்தத் திராவகம் ‘பெரியது’ என்று வரிசைப்படுத்துவதில் பொருளே இல்லை.

பிளாட்டினக் குடும்பத்தில் கதை இன்னும் சிக்கலாகிறது. பிளாட்டினம் சூடான இராஜ திராவகத்தில் மெல்ல மெல்லக் கரையும். பல்லேடியம் சற்றுச் சாது; நைட்ரிக் அமிலத்துக்கே இசையும். ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பிளாட்டினத் தாதுவைக் கரைத்த 18-ஆம் நூற்றாண்டு வேதியியலார் எல்லோரும் பாத்திரத்தின் அடியில் ஒரு கறுப்புத் தூள் எப்போதும் மிஞ்சுவதைப் பார்த்தார்கள். பென்சில் கரியாக இருக்கும் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட் அந்தத் தூளை விடவில்லை. காரத்தோடு காய்ச்சியும் அமிலத்தில் கரைத்தும் மாறிமாறிப் போராடி, 1804-இல் அதற்குள் இரண்டு புதிய உலோகங்கள் இருப்பதாக அறிவித்தார்: இரிடியம், ஆஸ்மியம். அவருடைய கூட்டாளி வோலாஸ்டன், அதே தாதுவின் கரைந்த பகுதியிலிருந்து பல்லேடியத்தையும் ரோடியத்தையும் எடுத்தார். கரையாத மிச்சத்தைக் குப்பையில் கொட்டாததற்குக் கிடைத்த பரிசு.

இரிடியமும் ரோடியமும் இராஜ திராவகத்துக்கு மசியாததை வோல்ட் கணக்கு மட்டும் வைத்து விளக்க முடியாது. குளோரைடு சூழ்ந்த நிலையில் ரோடியத்தின் எண் 0.43-ஐ ஒட்டியது. அட்டவணையை நம்பினால் அது தங்கத்துக்கு முன்பே கரைந்திருக்க வேண்டும். கரைவதில்லை. அட்டவணை சொல்வது ‘முடியுமா’ என்பதை. ‘எப்போது’ என்பதைச் சொல்லாது. இந்த உலோகங்களில் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி மிகப் பலமானது. தங்கம் 1064 டிகிரியில் உருகும், ரோடியத்துக்கு 1964, இரிடியத்துக்கு 2446 டிகிரி வேண்டும். மேற்பரப்பில் ஓர் அணுவைப் பெயர்த்தெடுப்பதே பெரும்பாடு. போதாக்குறைக்கு மெல்லிய ஆக்சைடுப் படலமும் குறுக்கே நிற்கிறது. நுண்தூளாக அரைத்து மேற்பரப்பைப் பெருக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குவதிலிருந்தே, தடுப்பது வேகம்தான் என்று தெரிகிறது.

நகைக்கடையில் வைரம் பதித்த ஒயிட் கோல்டு மோதிரம் வாங்கியிருந்தால் அதன் வெள்ளைப் பளபளப்பு பெரும்பாலும் ரோடியத்தினுடையது. ஒரு மைக்ரான்கூடத் தடிப்பில்லாத முலாம். நாளாக ஆகத் தேய்ந்து உள்ளிருக்கும் மங்கல் மஞ்சள் எட்டிப்பார்க்கும். கடையில் கொடுத்தால் மறுபடி ‘ரோடியம் பாலிஷ்’ போட்டுத் தருவார்கள். அப்படிப்பட்ட பழைய மோதிரத்தை உருக்காமல் வெட்டி இராஜ திராவகத்தில் போட்டால், வெட்டு வாய் வழியே திராவகம் நுழைந்து உள்ளிருக்கும் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு போகும். முலாம் மட்டும் மெல்லிய துணுக்குகளாகக் கரைசலில் மிஞ்சும். சுத்திகரிப்பவர்கள் கரைசலை வடிகட்டி, ஃபெரஸ் சல்பேட் போன்ற ஒன்றைச் சேர்த்துத் தங்கத்தைப் பழுப்புத் தூளாக வீழ்த்தி எடுப்பார்கள். வடிதாளில் தங்கிய ரோடியம் வேண்டுமென்றால் அதற்கு அமிலப் பாட்டிலைத் தேடிப் பயனில்லை. பொட்டாசியம் பைசல்பேட் என்ற உப்போடு கலந்து பழுக்க உருக்க வேண்டும். ஆறியதும் அந்தக் கட்டி தண்ணீரிலேயே கரையும்.